ரிச்சி ஸ்ட்ரீட்டில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள், ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். கை வேலைக்கு ஐந்துக்கு நாலரை. வேலையை முடித்து ஒப்படைத்த விதத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் சார்ஜரை மறக்காமல் பையில் வைத்துக் கொடுத்ததற்காக. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வேலை பார்த்த பையன் நல்ல பையன், இதைப் படித்துவிட்டு முதலாளி அவன் மேல் எகிறுவதில் எனக்கு விருப்பமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் ஒரு மாடிப்படிக்குக் கீழே, பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாட்டி ஓஎஸ் போட்டுத் தருகிற சின்னக் கடை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

அக்கா தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், யாராவது வந்து மனு எழுதித் தரச் சொன்னால் அதையும் தட்டித் தருவாள். கடையில் ஓடுவது ஒரு திங்க்பேட் டி450, ஐந்தாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம். நான் பல வருஷம் உழைக்க வைத்துவிட்டு அவளிடம் தள்ளிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிந்துபோனது. விண்டோஸ் 11 என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், ஒன்றிரண்டு விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் ஐந்தாம் தலைமுறை அந்த வாசல் பக்கமே போக முடியாது. நல்லா ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. சரி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டுவிடலாம் என்று நானே முடிவு செய்தேன். நானே உட்கார்ந்து போட்டிருந்தால் இந்த விமர்சனமே வந்திருக்காது. எனக்கு ஓசூரில் வேலை, ஊரில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை, ஹார்ட் டிஸ்கையும் மாற்ற வேண்டியிருந்தது, அதனால் கடையில் கொடுத்தேன்.

கடையில் நடந்தது எல்லாமே முறையாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பையன் பின்பக்கத்து மூடியைக் கழற்றி, ஃபேனில் அடைந்திருந்த தூசியை எனக்குக் காட்டினான், கம்பளி மாதிரி ஒரு படை. அதைச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றினான், அதற்குக் காசு வாங்கவில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி 2,400 ரூபாய், ஓஎஸ் போட 500. கழற்றிய ஸ்க்ரூ அத்தனையையும் காந்தத் தட்டில் போட்டு வைத்திருந்தான், திரும்ப மாட்டும்போது ஒன்றுகூட மிச்சமில்லை. லேப்டாப் ரிப்பேர் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். லினக்ஸில் பல வகை உண்டு, என்ன லினக்ஸ் வேண்டும் என்று கேட்டான், டெபியன் என்றேன், "ஓகே சார், பென்டிரைவ்ல இருக்கு" என்றான். அவனிடம் இருந்தது டெபியன் 12. அதற்கடுத்த 13 ஆகஸ்ட் 2025லேயே வந்துவிட்டது, அவன் பென்டிரைவ் அந்தச் சேதியைக் கேள்விப்படவில்லை போல. நான் கண்டுகொள்ளவில்லை, 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகால சப்போர்ட் உண்டு, ஜெராக்ஸ் கடைக்கு அது தாராளம்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது மெஷின் ரெடி. "யூசர் நேம் யூசர், பாஸ்வேர்டு ஒன் டூ த்ரீ ஃபோர், மாத்திக்கோங்க சார்" என்றான். நானும் லாகின் செய்து பார்த்தேன், வைஃபை பிடித்தது, யூடியூபில் சத்தம் வந்தது, ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன். இந்த இடத்தில் என் தப்பையும் எழுதிவிட வேண்டும். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறேன், வீட்டை வாங்கும்போது வாசல் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு பீரோ சாவியைக் கேட்காமல் வந்தவன் நான்தான்.

மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. எஸ்எஸ்டி புண்ணியத்தில் மெஷின் பறந்தது. முன்பு அக்கா காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வாசல் கூட்டிக் கோலம் போட்டு வருவாள், அப்போதுதான் டெஸ்க்டாப் வந்திருக்கும். இப்போது ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்காருவதற்குள் வந்துவிடுகிறது. டெபியன் 12லிருந்து வைஃபை ஃபர்ம்வேர், அதாவது வைஃபை சிப்பை ஓட்டுகிற உள்மென்பொருள், எல்லாம் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது, அதற்கு முன்பு அந்தக் கோப்பைத் தனியாகத் தேடிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த காலமெல்லாம் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதுவே பெரிய நிம்மதி. பிரிண்ட் எல்லாம் கடையில் இருந்த இன்னொரு பழைய டெஸ்க்டாப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் மூன்று வாரம் எதுவும் தெரியவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த டெஸ்க்டாப்புக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கடையில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் மூன்று பேர், வில்லங்கச் சான்று பிரிண்ட் போட வந்த ஒரு பெரியவர். அக்கா எனக்கு போன் போட்டாள். பிரிண்டர் ஒயரை லேப்டாப்பில் செருகச் சொன்னேன். பிரிண்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ், ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி பார்க்கிற அந்தச் சின்னப் பெட்டி. அது ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டரிடமிருந்து தன் ஃபர்ம்வேரை வாங்கிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும், லினக்ஸில் அதற்கு ஹெச்பி கொடுக்கிற பிளக்இன்னை ஒரே ஒரு தடவை போட வேண்டும். போடச் சொன்னேன். டவுன்லோடு ஆனது. அப்புறம் ஒரு வரி வந்து நின்றது: ரூட் அல்லது சூப்பர்யூசர் பாஸ்வேர்டைக் கொடு. ரூட் என்றால் மெஷினின் தலைமை நிர்வாகிக் கணக்கு.

"ஒன் டூ த்ரீ ஃபோர் போட்டேன்டா, தப்புன்னு சொல்லுது."

சாதாரணப் பயனர் ஒரு வேலையை மட்டும் ரூட் அதிகாரத்தில் செய்ய சுடோ என்று ஒரு கமாண்ட் உண்டு. சரி, அதைப் போட்டுப் பார்ப்போம் என்று கமாண்ட் அடிக்கிற ஜன்னலான டெர்மினலைத் திறந்து, சுடோ அடிக்கச் சொன்னேன். "சுடோவா? சுடுமா சுடாதா?" என்றாள், பெரியவர் சிரிப்பது போனிலேயே கேட்டது. அடிக்கச் சொன்ன கமாண்டை அடித்தாள், பாஸ்வேர்டு கேட்டது, உடனே அடுத்த புகார்: "கீபோர்டு வேலை செய்யலடா, அடிக்க அடிக்க ஒண்ணுமே வரல." டெர்மினலில் பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூட விழாது, எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. முதல் தடவை பார்க்கிற எல்லோரும் கீபோர்டைத்தான் தட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டரைத் தட்டு என்றேன். தட்டினாள். யூசர் என்பவர் சுடோயர்ஸ் கோப்பில், அதாவது சுடோ போட அனுமதி உள்ளவர்கள் பட்டியலில், இல்லை என்று பதில் வந்தது. பழைய வெர்ஷனாக இருந்தால் இதோடு நிற்காது, இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும் என்று ஒரு மிரட்டலும் சேர்ந்து வரும். நல்லவேளை, அதைப் படித்திருந்தால் அக்கா ஷட்டரை இறக்கியிருப்பாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. டெபியன் இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் ஒரு பக்கம் வரும், ரூட் பாஸ்வேர்டு என்ன என்று கேட்கும். அந்தப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போனால், ரூட் கணக்கு முடக்கப்படும், பிறகு நீங்கள் உண்டாக்குகிற முதல் பயனருக்கு சுடோ அதிகாரம் கிடைக்கும். கட்டத்தில் ஏதாவது ஒரு பாஸ்வேர்டைப் போட்டுவிட்டால், ரூட் தனி ஆள், முதல் பயனர் வெறும் பயனர், அவருக்கு சுடோ கிடையாது. இதை அந்தப் பக்கத்திலேயே நாலு வரியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்புவதுதானே நம் வளர்ப்பு, ரேஷன் கார்டு விண்ணப்பத்திலிருந்து பழகியது. பையன் நிரப்பிவிட்டான். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் இந்தக் குழப்பமே கிடையாது, 2004இல் வந்த முதல் வெளியீட்டிலிருந்தே ரூட்டைப் பூட்டி வைத்துவிட்டு முதல் பயனரிடம் சுடோவைக் கொடுத்துவிடுவார்கள். உபுண்டு போட்டுப் பழகிய கை டெபியன் போடும்போது தடுமாறுவது இங்கேதான்.

டெபியனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இரண்டு வழியும் நியாயமானதுதான். ரூட் என்பது யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பெரிய வீட்டுக்காரர், பயனர் எண் பூஜ்யம், அவர் கேட்டால் இயந்திரம் ஏன் என்று கேட்காது. சுடோ வந்தது 1980 வாக்கில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதினார்கள், முழுச் சாவியையும் கொடுக்காமல் இந்த வேலையை மட்டும் செய்துகொள் என்று விடுவதற்காக. பத்துப் பேர் வேலை பார்க்கிற ஆபீஸ் சர்வரில் ரூட் தனியாக இருப்பதில் அர்த்தம் உண்டு. அக்கா கடையில் அந்தப் பெரிய வீட்டுக்காரர் யார்? ரிச்சி ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்திருக்கிற பையன். அதுதான் கோளாறு.

கடைக்கு போன் செய்தேன். முதலாளிதான் எடுத்தார், மரியாதையாகவே பேசினார். "சார், போட்ட பையன் ஊருக்குப் போயிருக்கான், பொங்கல் முடிஞ்சு பதினெட்டாம் தேதிதான் வருவான். அவன் நம்பர் சுவிட்ச் ஆஃப். மெஷினைக் கொண்டு வாங்க, ஃபார்மேட் பண்ணி ஃப்ரீயா புதுசாப் போட்டுத் தர்றேன்." ஃப்ரீ என்பதில் சந்தோஷம்தான், ஆனால் அக்கா மூன்று வாரமாகத் தட்டி வைத்த மனு, கணக்கு, வாடிக்கையாளர் ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து யார் தூக்கிக்கொண்டு போவது, கடையை யார் பார்ப்பது. ஒரு பாஸ்வேர்டு தெரியாததற்கு ஃபார்மேட் செய்வது, வீட்டில் பல்லி வந்தது என்று வீட்டை இடிக்கிற மாதிரி. வேண்டாம் சார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஊகித்துப் பார்த்தோம். அட்மின், அட்மின் 123, ரூட், ரூட்டைத் திருப்பிப் போட்ட டூர், கடையின் பெயர், கடையின் பெயரோடு 123. ஒன்றும் திறக்கவில்லை. அட் குறி உள்ள பாஸ்வேர்டாக இருந்து கீபோர்டை பிரிட்டிஷ் என்று தேர்ந்தெடுத்திருந்தால் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும், அதையும் யோசித்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். பெரியவர் மட்டும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை அக்கா பக்கத்துத் தெரு கடைக்கு அனுப்பிவிட்டாள், போட்டிக் கடைக்கு ஆள் அனுப்புகிற வலி இருக்கிறதே, அதை அவள் என்னிடம் அன்றைக்கே இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்து ரெக்கவரி மோடு. மெஷினை மறுபடி ஆரம்பித்து, லினக்ஸ் எழுவதற்கு முன் வருகிற க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் ரெக்கவரி என்று ஒன்று இருக்கும். உபுண்டுவில் இதில் ரூட் ஷெல், அதாவது ரூட்டாகக் கமாண்ட் அடிக்கிற இடம், நேரடியாகவே கிடைக்கும். டெபியன் அங்கேயும் நின்று, பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடு என்கிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைக் கேட்கிற கதை.

மிச்சமிருந்தது ஒரே வழி, அதை போனில் சொல்லி ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியைச் செய்ய வைக்க வேண்டும். க்ரப் மெனு ஐந்து விநாடிதான் நிற்கும், அதற்குள் ஈ என்ற எழுத்தைத் தட்ட வேண்டும். முதல் தடவை தவறவிட்டாள், இரண்டாம் தடவை பெரியவர் "இப்போ தட்டும்மா" என்று கத்தினார், பிடித்துவிட்டாள். திரை முழுக்க எழுத்து. "லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி ஒண்ணு இருக்கும், நீளமா, கண்டுபிடி." கண்டுபிடித்தாள். "அந்த வரியோட கடைசிப் பக்கத்துல ஆர் ஓன்னு ரெண்டு எழுத்து, அப்புறம் கொயட்னு இருக்கும். ஆர் ஓவை ஆர் டபிள்யூ ஆக்கு." ஆர் ஓ என்றால் படிக்க மட்டும், ஆர் டபிள்யூ என்றால் எழுதவும் விடு என்று அர்த்தம். மாற்றினாள். "இப்போ வரி முடியுற இடத்துக்குப் போய் ஒரு ஸ்பேஸ் விட்டு, ஐ என் ஐ டி, ஈக்வல் டு, ஸ்லாஷ், பி ஐ என், ஸ்லாஷ், பி ஏ எஸ் ஹெச்." ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள், ஆதார் எண்ணை வாடிக்கையாளரிடம் சரிபார்க்கிற அதே தொனியில். எனக்குத் தெரிந்த பல இன்ஜினியர்கள் இவ்வளவு சுத்தமாக அடிக்க மாட்டார்கள். கன்ட்ரோல், எக்ஸ்.

இது என்ன செய்கிறது என்றால், லினக்ஸின் மையமான கேர்னல் எழுந்ததும் வழக்கமாகக் கூப்பிடுகிற ஆளைக் கூப்பிடாமல் நேராக ஒரு ஷெல்லைக் கூப்பிட வைக்கிறது. லாகின் கேட்கிற ஆளே இன்னும் எழுந்திருக்கவில்லை, அதனால் பாஸ்வேர்டு கேட்கவும் யாரும் இல்லை. கறுப்புத் திரையில் ரூட் என்று ஆரம்பித்து ஹாஷ் குறியில் முடிகிற ஒரு சின்ன வரி வந்து நின்றது. பி ஏ எஸ் எஸ் டபிள்யூ டி என்று அடிக்கச் சொன்னேன், புதுப் பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்டது, "மறுபடியும் ஒண்ணும் தெரியலடா" என்றாள், பரவாயில்லை அடி என்றேன். பாஸ்வேர்டு மாறியது என்று வந்தது. அதற்கப்புறம் சிங்க் என்று ஒரு கமாண்ட் அடிக்கச் சொன்னேன், எழுதியது டிஸ்கில் இறங்கிவிட வேண்டும் அல்லவா. அடித்தாள். அடுத்து நான் பவர் பட்டனைப் பிடி என்று சொல்வதற்குள் அவளாகவே நல்ல பிள்ளையாக எக்ஸிட் என்று அடித்துவிட்டாள்.

அந்த நிலையில் ஓடிக்கொண்டிருப்பதே அந்த ஒரு ஷெல்தான், அது வெளியே போனால் கேர்னலுக்கு ஊன்றி நிற்க ஒன்றுமில்லை. கேர்னல் பேனிக், திரை முழுக்க எண்ணும் எழுத்தும் கொட்டி, அப்படியே உறைந்து நின்றது. போனில் அரை நிமிஷம் சத்தமே இல்லை. "டேய், போச்சாடா?" என்றாள். போகவில்லை, பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து மறுபடி போடு என்றேன். எனக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது, ஆனால் பாஸ்வேர்டு ஏற்கனவே டிஸ்கில் ஏறிவிட்டது, பத்திரமாக எழுந்து வந்தது.

அந்தக் கறுப்புத் திரையிலேயே அவளை சுடோ குழுவில் சேர்த்திருக்கலாம், மறந்துவிட்டேன். அதனால் டெஸ்க்டாப் வந்தபிறகு டெர்மினலில் எஸ் யூ அடித்து, புது ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொன்னேன். டாலர் குறி போய் ஹாஷ் குறி வந்தது. பயனரைக் குழுவில் சேர்க்கிற யூசர்மாட் கமாண்டை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அப்படி ஒரு கமாண்டே இல்லை என்றது! பழைய டெபியனில் பழகியவர்களுக்கு இது இன்னொரு பள்ளம். 2019இல் வந்த டெபியன் 10லிருந்து வெறும் எஸ் யூ அடித்தால் அதிகாரம் ரூட்டுடையது, ஆனால் கமாண்டுகளைத் தேடுகிற பாதை மட்டும் பழைய பயனருடையதாகவே இருக்கும், அந்தப் பாதையில் நிர்வாகக் கமாண்டுகள் இருக்கிற எஸ்பின் அடைவு கிடையாது. எஸ் யூ, ஒரு ஸ்பேஸ், ஒரு ஹைஃபன் என்று அடித்தால் முழுசாக ரூட் ஆகிவிடலாம். ஒரு ஹைஃபன், அவ்வளவுதான், இதற்காக நெட்டில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா.

ஹைஃபனோடு அடித்தாள். யூசர்மாட், ஹைஃபன், சின்ன ஏ, பெரிய ஜி, சுடோ, யூசர். அந்தச் சின்ன ஏ முக்கியம், அதை விட்டுவிட்டால் சுடோவில் சேர்த்துவிட்டு மற்ற குழுக்களிலிருந்து ஆளைத் தூக்கிவிடும், அப்புறம் சத்தம் வரவில்லை, ஸ்கேனர் தெரியவில்லை என்று புதுப் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். சேர்த்தாகிவிட்டது. உடனே சுடோ போட்டுப் பார்த்தாள், அப்போதும் அதே பதில், கோப்பில் இல்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் புதுக் குழு ஒட்டும் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என் தப்பு. லாக்அவுட், லாகின், சுடோ ஹூஅம்ஐ, அதாவது இப்போது நான் யார் என்று மெஷினைக் கேட்பது. ரூட் என்று நாலெழுத்தில் பதில் வந்தது. பிளக்இன் ஏறியது, பிரிண்டர் கரகரவென்று தொண்டையைச் செருமியது, வில்லங்கச் சான்று வெளியே வந்தது. பெரியவர் காத்திருந்தது ஒரு மணி நேரம் பத்து நிமிஷம், அக்கா அவரிடம் காசு வாங்கவில்லை. கையோடு மனு தட்டுவதற்கு, லினக்ஸில் பிற மொழிகளில் தட்ட உதவுகிற ஐபஸ்ஸில் தமிழ்99 கீபோர்டையும் அன்றைக்கே போட்டுக்கொடுத்தேன், அதற்கும் நிர்வாகி அனுமதி வேண்டியிருந்தது, அதுவரை அவள் போனில் தமிழில் தட்டி மெயில் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தாளாம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் மறுபடி படிக்கவும். பாஸ்வேர்டு தெரியாத ஒரு மெஷினை, மெஷினைத் தொடக்கூடச் செய்யாத நான், போனில் பேசியே திறந்துவிட்டேன். டிஸ்கை என்கிரிப்ட் செய்யாமல், அதாவது உள்ளே இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டாமல், விட்டால் கையில் கிடைத்தவன் திறக்கலாம், அதுதான் நிலைமை. இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் க்ரப் வித்தை நடந்திருக்காது, கேர்னலுக்கு அப்புறம் டிஸ்கைத் திறக்கவே தனிப் பாஸ்வேர்டு கேட்டிருக்கும். ஆனால் அதையும் பையன்தான் போட்டிருப்பான், அதையும் சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பான், அப்போது முதலாளி சொன்ன ஃபார்மேட்டைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. விண்டோஸிலும் இதே கதை வேறு உடுப்பில் உண்டு. விஸ்டாவிலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற உள்கணக்கு முடக்கப்பட்டே வருகிறது, கடைக்காரர் தன் மெயில் ஐடியில் கணக்கு தொடங்கிக் கொடுத்த மெஷினில் டிஸ்கைப் பூட்டுகிற பிட்லாக்கரின் ரெக்கவரி சாவி அவருடைய அக்கவுண்டில் போய் உட்கார்ந்திருக்கும்.

பத்தொன்பதாம் தேதி பையன் அவனாகவே போன் செய்தான், முதலாளி சொன்னாராம். "சாரிண்ணா, சொல்ல மறந்துட்டேன்" என்று ஆரம்பித்து ரூட் பாஸ்வேர்டைச் சொன்னான். கடைத் தெருவின் பெயரும் கடையின் கதவு எண்ணும். அடடா, அது நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே, ஏன் தம்பி இது எங்கள் மெஷினுக்கு மட்டும்தானே என்றேன். "இல்லண்ணா, நாங்க போடுற எல்லா மெஷினுக்கும் இதான். சர்வீஸுக்குத் திரும்ப வந்தா ஈஸியா இருக்கும்ல." அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவே இல்லை, வேலையைச் சுலபமாக்கிக்கொள்கிற ஒரு டெக்னிக்காகத்தான் சொன்னான். ஒரே சாவி, அந்தக் கடையிலிருந்து வெளியே போன அத்தனை வீட்டுக்கும், அத்தனை ஆபீஸுக்கும். ஐந்துக்கு ஒன்று கொடுத்தது இதற்காகத்தான், மறந்துபோனதற்காக இல்லை. மறதி யாருக்கும் வரும். அவனிடம் பொறுமையாகச் சொன்னேன், டெபியனில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடு, வாடிக்கையாளரை உட்காரவைத்து அவர் கையாலேயே பாஸ்வேர்டு அடிக்கச் சொல், உனக்கும் வேலை மிச்சம் என்று. "காலியா விடலாமாண்ணா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான்.

திரும்ப அந்தக் கடைக்குப் போவேனா என்றால், போவேன். எஸ்எஸ்டி மாற்ற, ஃபேன் சுத்தம் செய்ய அந்தப் பையன் கைக்கு நிகர் இல்லை, விலையும் நியாயம். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் அவன் கண்ணெதிரேயே டெர்மினலைத் திறந்து சுடோ ஹூஅம்ஐ அடிப்பேன். ரூட் என்று பதில் வந்தால் ஜிபே, வேறு ஏதாவது வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நீங்களும் எந்தக் கடையில் எந்த லினக்ஸ் போட்டாலும் இந்த ஒன்றைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள், பத்து விநாடி வேலை.

ரூட் கணக்கை மொத்தமாகப் பூட்டிவிடலாமா என்று யோசித்தேன். பூட்டினால் நாளைக்கு மெஷின் பாதியில் நின்று ரெக்கவரிக்குப் போகும்போது, ரூட் பூட்டப்பட்டிருக்கிறது, உள்ளே விட முடியாது என்று டெபியன் கையை விரித்துவிடும், அதனால் பூட்டாமல் அவளுக்கென்று தனியாக ஒரு நீளமான பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தேன், ஒன் டூ த்ரீ ஃபோரையும் மாற்றியாகிவிட்டது. எழுதி எங்காவது பத்திரமாக வை, மறக்காதே என்று சொல்லியிருந்தேன். போன வாரம் தாம்பரம் போனபோது பார்த்தேன். இரண்டு பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் டைப் செய்து, ஏ4இல் பிரிண்ட் எடுத்து, அழகாக லேமினேட் செய்து, லேப்டாப்புக்கு நேர் மேலே ஜெராக்ஸ் ரூபாய் இரண்டு என்ற போர்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறாள்.